பெருங்காய டப்பாவில் எழுதியிருந்தது

குமரனுக்கு,

உன் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. இடையில் நீ மூன்று முறை போன் செய்தாய். மூன்று முறையும் உடம்பு சரியில்லை, அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் வலி எப்போதும் இருப்பதுதான். நீ அனுப்பிய காகிதங்களை மேசைமேல் வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

கம்பெனி வேலையை விட்டுவிட்டு, கூட வேலை பார்க்கும் நண்பனோடு சேர்ந்து, ஜெர்மனியிலேயே நம் ஊர்ப் பலகாரங்களைப் பாக்கெட்டில் போட்டு விற்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். லேபிள் மாதிரிகூட வைத்திருக்கிறாய். அதில் என் முகத்தைப் போட்டு, 'அம்மா வீட்டு முறுக்கு' என்று வளைவாக எழுதி, சுற்றிலும் மாவிலைத் தோரணம். அப்பா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பின்பக்க எழுத்து ரொம்பப் பொடிசாக இருக்கிறது என்றார். முப்பத்தைந்து வருஷம் பிரஸ் வைத்திருந்தவர் அதைத்தான் முதலில் பார்ப்பார். நான் பார்த்தது உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை. "இந்தத் தடவை காந்திமதி அத்தை மாதிரி கவனமில்லாத ஆளுங்களை வேலைக்கு வெச்சுக்கக் கூடாதும்மா. ஒரு ஆளோட அலட்சியத்தால நம்ம பேரே கெட்டுப் போச்சு" என்று எழுதியிருக்கிறாய்.

அந்த வரி பொய். அதை உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பாதி சொல்வதற்குள் நீ 'பரவாயில்லம்மா, விடுங்க' என்று சொல்லிவிடுவாய். நானும் விட்டுவிடுவேன். ஏழு வருஷமாக அப்படித்தான் விட்டுக்கொண்டு வருகிறேன். அதனால் இதை முழுதாகப் படி. படித்த பிறகு யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. மறைத்து வைக்கிற காகிதமாக இதை நான் எழுதவில்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதை உனக்குப் பாதி தெரியும். 1989, நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம். அப்பாவின் பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகை சீசன் முடிந்தால் எழுத்துகளுக்குத் தூசி தட்டுவதுதான் வேலை. நான் வீட்டிலேயே முறுக்கும் தட்டையும் சுட்டு டீக்கடைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற வருகிற கூட்டம் மாதத்துக்கு மாதம் பெருகிக்கொண்டே போனது. ஒரு ஆளால் முடியவில்லை. அப்போதுதான் செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். காந்திமதி வந்தது அங்கேதான். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன புருஷன் திரும்பி வரவில்லை. கைக்குழந்தையை அண்ணி வீட்டில் விட்டுவிட்டு, கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து நின்றாள். என்ன வேலை தெரியும் என்று கேட்டேன். சொல்லிக்கொடுத்தால் எல்லாம் தெரியும் என்றாள். பதின்மூன்று வருஷம் அந்த முதல் பஸ் தவறியதில்லை.

நீ அவளை அத்தை என்று கூப்பிட்டது நாங்கள் சொல்லி அல்ல, நீயாகத்தான். இரண்டாம் வகுப்பு படிக்கும்போது உன் வலது காலில் எண்ணெய் கொட்டியது. சட்டியை இறக்கி வழியில் வைத்துவிட்டு மாவுக்காரனோடு பேசிக்கொண்டிருந்தவள் நான். உன்னைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிவரை ஓடியவள் அவள். ஆட்டோவுக்குக் காத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் திட்டியபோது, தான்தான் சட்டியை அங்கே வைத்ததாகச் சொல்லிக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மறுக்கவில்லை. இப்போது யோசித்தால், என் தப்பை அவள் மேல் போடலாம், அவள் தாங்கிக்கொள்வாள் என்று என் மனசுக்குள் எங்கோ அன்றைக்கே பதிந்துவிட்டது போலிருக்கிறது.

உர்சுலா அம்மாவை உனக்கு நன்றாகவே தெரியும். ஒவ்வொரு மார்கழிக்கும் வந்து, ஆசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில் ரூம் எடுத்து மூன்று மாதம் இருப்பார். ஜெர்மனியில் தன் ஊரில் சின்ன மளிகைக்கடை வைத்திருந்தார். டீக்கடையில் நம் முறுக்கைச் சாப்பிட்டுவிட்டு, சுட்டது யார் என்று விசாரித்துக்கொண்டு வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, இதில் கோதுமை இருக்கிறதா என்பதுதான். நான் சிரித்தேன். அரிசி மாவு, உளுந்து மாவு, வெண்ணெய், எள், உப்பு, பெருங்காயம். கோதுமைக்கு இதில் என்ன வேலை என்றேன். அவர் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். சில பேருக்குக் கோதுமை ஆகாதாம். துளி போனாலும் குடல் புண்ணாகிவிடுமாம். அவர் கடைக்கு அப்படிப்பட்டவர்கள் நிறைய வருகிறார்கள். ரொட்டியே சாப்பாடாக இருக்கிற ஊரில் அவர்கள் கடித்துத் தின்ன ஒன்றும் இல்லாமல் அலைகிறார்கள் என்றார்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் நாங்கள் லேபிளோடு மல்லுக்கட்டியது உனக்கு ஞாபகம் இருக்கும். எடை அதிகமான பொருள் முதலில், கம்மியானது கடைசியில். அவர்கள் மொழியில்தான் இருக்க வேண்டும். எந்தத் தேதிவரை சாப்பிடலாம் என்று போட வேண்டும். உன் முறுக்கு எத்தனை நாள் தாங்கும் என்று அவர் கேட்டபோது, எங்கள் வீட்டில் அது நாலு நாளைக்குமேல் இருந்ததே இல்லை என்றேன். பரணில் பாக்கெட்டுகளை அடுக்கி வைத்து, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று பிரித்து, உன்னைச் சாப்பிடச் சொல்லி நோட்டில் எழுதினோம். பதினேழாவது வாரம் நீ மூஞ்சியைச் சுளித்தாய். காந்திமதி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உன் மூஞ்சியை வைத்துத்தான் அந்தத் தேதியை முடிவு செய்தோம்.

இங்கே ஒருவர் முறுக்கு வாங்கினால் என்னைப் பார்த்து வாங்குவார். நன்றாக இல்லையென்றால் மறுநாள் வந்து என் முகத்துக்கு நேராகவே கேட்பார். அங்கே என்னை யாரும் பார்க்கப்போவதில்லை. அங்கே அவர்களுக்குத் தெரிகிற நான் என்பது அந்தப் பின்பக்கத்துப் பொடி எழுத்துதான். அதைத்தான் நம்பிக் குழந்தைக்குக் கொடுப்பார்கள். ஏதாவது தப்பு நடந்தால் அதிகாரிகள் திருவண்ணாமலைக்கு வரமாட்டார்கள், தன் கடை வாசலுக்குத்தான் வருவார்கள் என்று உர்சுலா அம்மா முதல் நாளே சொன்னார். அதை நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். புரிந்துகொள்ளவில்லை.

இரண்டு முறை சரக்கு போனது. இரண்டாம் முறைக்கப்புறம் ஒரு கடிதம் வந்தது. லீனா என்று எட்டு வயதுப் பெண், அவளுடைய அம்மா எழுதியிருந்தாள். மகள் பிறந்தநாளுக்கு மற்றப் பிள்ளைகளைப் போலவே கைநிறைய அள்ளி, சத்தம் வரக் கடித்துச் சாப்பிட்டாள், உங்களுக்கு நன்றி என்று. கூட ஒரு போட்டோ, முன்பல் இரண்டும் விழுந்த பிள்ளை. நான் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தேன். காந்திமதி வேலைக்கு வந்ததும் அதைப் பார்த்து, 'பாப்பா, துன்னியா' என்று கேட்பாள்.

அதற்கு அடுத்த மாதம் உர்சுலா அம்மா ஒரு படிவம் அனுப்பினார். அதுவரை கோதுமை இல்லை என்று வாய்வார்த்தையாகச் சொல்லி விற்றுக்கொண்டிருந்தார். இனி பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே பெரிதாகப் போடலாம் என்று ஆசைப்பட்டார். அங்கே அப்படி ஒரு வார்த்தையைப் போட வேண்டுமானால் காகிதத்தில் ஆதாரம் வேண்டும். நாம் சேர்க்கிற ஒவ்வொரு பொருளுக்குள்ளும் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தார். நான் ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருந்தேன். காந்திமதி மாவு பிசைவதற்காகப் பெருங்காய டப்பாவைக் கையில் எடுத்தவள், அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முதியோர் கல்வி வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டப் படித்திருந்தாள். கடைப் பலகை, பஸ் பலகை, டப்பா என்று எதைப் பார்த்தாலும் படித்துப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு வந்திருந்தது.

"யக்கா, இதுல கோந்து, கோதும மாவு, பெருங்காயம்னு போட்டிருக்குதே. அந்தப் பாப்பாவுக்கு கோதும ஆவாதுன்னு சொன்னியே" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். இருந்தது. நாம் இத்தனை வருஷம் போட்டுக்கொண்டிருந்தது கூட்டுப் பெருங்காயம். முக்கால்வாசி மாவும் கோந்தும்தான். எந்த வீட்டிலும் அதுதான் இருக்கும், யாரும் யோசிப்பதில்லை. மாவு கலக்காத பால் பெருங்காயம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். விலை ஜாஸ்தி. அதைவிட, அதைப் போட்டால் வாசனை தூக்கலாக வரும், பக்குவத்தை மறுபடி முதலிலிருந்து பிடிக்க வேண்டும். அதற்கு நாளில்லை. அவர்களுடைய பண்டிகைக்குப் பெரிய ஆர்டர். சரக்கில் பாதி சுட்டு, பாக்கெட் போட்டு, பெட்டியில் அடுக்கியாகிவிட்டது. இப்போது சொன்னால் அத்தனையும் வீண். ஏற்கெனவே போன இரண்டு முறைக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

"ஒரு படி மாவுக்கு ஒரு சிட்டிகை போடறோம். அதுல என்ன ஆயிடப்போகுது. நீ வேலையப் பாரு" என்றேன்.

அவள் சற்று நேரம் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு சிட்டிகையைக் கிள்ளி மாவில் போட்டாள். நான் படிவத்தில் பெருங்காயத்துக்கு எதிரே, மரப்பிசின் என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சுவரில் லீனா சிரித்துக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு முறை தெரியாமல் அனுப்பினேன், குமரா. அதற்கப்புறம் மூன்று முறை தெரிந்தே அனுப்பினேன். 'கோதுமை இல்லாதது' என்ற வார்த்தையை அவர்கள் மொழியில், பச்சை மையில், அப்பாதான் அச்சடித்துக் கொடுத்தார். அவருக்கு அப்போது தெரியாது.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து உர்சுலா அம்மாவிடமிருந்து போன் வந்தது. வழக்கமாக எல்லாரையும் விசாரித்துவிட்டுத்தான் பேசுவார். அன்றைக்கு நேரடியாக விஷயத்துக்கு வந்தார். லீனா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பல மாதங்களாகவே வயிற்றுவலி, எடை குறைந்துகொண்டே போகிறது. அவளுடைய அம்மா வீட்டில் இருக்கிற ஒவ்வொன்றையும் சந்தேகப்பட்டு நிறுத்திப் பார்த்திருக்கிறாள். சாஸை நிறுத்தினாள், மிட்டாயை நிறுத்தினாள், பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டை நிறுத்தினாள். முறுக்கை மட்டும் நிறுத்தவில்லை. அதில்தான் இல்லை என்று அச்சிலேயே போட்டிருக்கிறதே. கடைசியாகத்தான் அதைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறாள். அதிகாரிகள் உர்சுலா அம்மாவின் கடைக்கு வந்து இருந்த பாக்கெட்டையெல்லாம் எடுத்துப்போனார்கள். வாங்கியவர்கள் யாரும் சாப்பிட வேண்டாம் என்று பாக்கெட் படத்தோடு கடைக் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். முப்பது வருஷம் நடத்திய கடை அது. கோதுமை எப்படி உள்ளே வந்தது என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். லீனா பிழைத்துக்கொள்வாள் என்றும் அதே போனில் சொல்லிவிட்டார். நான் அழுதேன். அது நடிப்பில்லை. ஆனால் அழுதுகொண்டே பொய் சொன்னேன். இங்கே வேலை செய்கிற பொம்பளை மத்தியானத்துக்குச் சப்பாத்தி போடுகிறவள், அதே மேசையில் மாவு பிசைந்திருப்பாள், எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்றேன். எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. யோசித்துச் சொன்னது போலத் தயாராக வந்தது.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பேச்சோடு போயிருக்கும். அவர்கள் ஊரில் பேச்சோடு எதுவும் போகாது. அதிகாரிகளுக்கு எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். உர்சுலா அம்மா அனுப்பிய தாளில் இரண்டு கட்டங்கள் இருந்தன. தவறு எதனால் நடந்தது என்பதற்கு ஒன்று, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்பதற்கு ஒன்று. அப்பா டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தார். முதல் கட்டத்துக்கு நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நெஜமாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவருக்கு என் முகம் தெரியாதா. தெரிந்துதான் கேட்கவில்லை. அடித்துக் கொடுத்தார். இரண்டாவது கட்டத்தில், சம்பந்தப்பட்ட ஊழியர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார் என்று எழுதினோம். எழுதிவிட்டதால் அதைச் செய்ய வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை பதினோரு மணி இருக்கும். காந்திமதி முதல் ஈடு எடுத்து வடியவிட்டிருந்தாள். மற்ற இரண்டு பெண்களும் பக்கத்தில் இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்க வேண்டும் என்றே அங்கே வைத்துச் சொன்னேன். சப்பாத்தி மாவு, மேசை, பாப்பாவுக்கு வந்த நோவு என்று எல்லாவற்றையும் சொல்லி, இனிமேல் வர வேண்டாம் என்றேன். அவள் அடுப்பைத் தணித்தாள்.

"நான் சப்பாத்தி சாப்புட மாட்டேன்னு ஒனக்குத் தெரியாதா யக்கா? தினம் கூழுதான எடுத்தாறேன்" என்றாள்.

அவள் பெருங்காய டப்பாவைப் பற்றிச் சொல்லப்போகிறாள், இரண்டு பெண்கள் முன்னால் என் மானம் போகப்போகிறது என்று பயந்தேன். அவள் சொல்லவில்லை. கையைக் கழுவினாள். பாப்பா பொழைச்சிக்குமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பிழைத்துக்கொள்ளும் என்றேன். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கே நாட்டு மருந்துக் கடையில் பால் பெருங்காயம் வாங்கினேன். பக்குவம் பிடிக்க மூன்று நாள்தான் ஆனது. மூன்றே நாள். முதலிலேயே அந்த மூன்று நாளைச் செலவழித்திருந்தால் நான் இப்போது இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அடுத்துப் போன சரக்கைச் சோதித்தார்கள். சுத்தமாக இருந்தது. ஊழியரை நீக்கியதும் கோதுமை நின்றுவிட்டது என்று அங்கே கோப்பில் எழுதிக்கொண்டார்கள். என் பொய்யை அவர்களுடைய சோதனைச்சாலை உண்மையாக்கிக் கொடுத்துவிட்டது. நீ விடுதியிலிருந்து லீவுக்கு வந்து, அத்தை எங்கே என்று கேட்டபோது, அப்பா அடித்த அந்த விளக்கக் காகிதத்தையே உனக்குக் காட்டினேன்.

அதற்குமேல் ஒரு வருஷம் அனுப்பினோம். வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். உர்சுலா அம்மா வயதாகிவிட்டது என்று சொல்லிக் கடையை விற்றுவிட்டார். அவர் அதற்கப்புறம் திருவண்ணாமலைக்கு வரவே இல்லை என்பதைக் கவனித்தாயா? ஆனால் உனக்கு அங்கே படிக்க இடம் கிடைக்கக் கடிதம் கொடுத்தவர் அவர்தான். தப்பு நடந்ததும் மறைக்காமல் ஒப்புக்கொண்டு, திருத்திக்கொண்ட நேர்மையான குடும்பம் என்று அதில் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தின் மேல்தான் நீ அங்கே போய் இறங்கினாய். நீ உழைத்துப் படித்தாய், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நீ நிற்கிற இடத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

உன் கடிதம் வந்து ஐந்தாம் நாள் பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூருக்குப் போனேன். ஏழு வருஷத்தில் முதல் முறை. அரை மணி நேரப் பயணம்தான். பள்ளிக்கூடத்தில் சத்துணவுக்குச் சமைக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பிள்ளைகள் சாப்பிட்டுப் போனபிறகு, குழாயடியில் பெரிய அண்டாவைச் சாய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். முடி முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்துவிட்டு, கழுவி முடிக்கும்வரை இரு என்று கையைக் காட்டினாள். மரத்தடியில் உட்கார்ந்தோம். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன்.

பிறகு அவள் சொன்னதை நான் கேட்டேன். இங்கிருந்து போன மறு வாரம் டவுனில் இரண்டு ஓட்டலில் வேலை கேட்டிருக்கிறாள். வெளிநாட்டுக் குழந்தைக்குச் சாப்பாட்டில் எதையோ கலந்துவிட்டவள் என்று அதற்குள் பேச்சுப் பரவியிருந்தது. சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த வருஷம் அவள் மகள் பத்தாம் வகுப்புக்குப் போகவேண்டியவள். அனுப்ப முடியவில்லை. ஆம்பூர்ப் பக்கம் செருப்புக் கம்பெனிக்குத் தைக்கப் போனது அந்தப் பெண். இன்னும் அங்கேதான் இருக்கிறது. உன்னைப் பற்றியும் சொன்னாள். நீ அந்த லீவில் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்திருக்கிறாய். உங்களால ஒரு குழந்தை சாகக் கிடந்துச்சு, தெரியுமா என்று நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறாய். நீ இதை என்னிடம் சொன்னதே இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏன் அவனிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அம்மாவப் பத்தி புள்ளைகிட்ட நான் எப்பிடி சொல்றது? அத நீதான சொல்லணும்" என்றாள்.

மன்னித்துவிடு என்றேன். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "எனக்குத் தெரிஞ்சதையே எங்கிட்ட வந்து சொல்றியே யக்கா. நான் பண்ணலன்னு எனக்குத் தெரியாதா? தம்பிகிட்ட சொல்லிட்டியா?"

இல்லை என்றேன்.

"அப்ப எதுக்கு இங்க வந்த? அங்க சொல்லிட்டு வா" என்று எழுந்து அண்டாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கோபமாகப் போனதாகத் தெரியவில்லை. அடுப்பறையைப் பூட்டிச் சாவி கொடுக்க அவளுக்கு நேரமாகியிருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர், "நானும் ரெண்டாவது தடவ கேட்டிருக்கணும்" என்றார். உர்சுலா அம்மாவுக்கும் ஒரு கடிதம் எழுதி, அதற்குள்ளேயே லீனாவின் அம்மாவுக்கு ஒன்றை வைத்து, நேற்று தபாலில் சேர்த்துவிட்டேன். அந்தப் பெண் லீனாவுக்கு இப்போது பதினாறு பதினேழு வயது இருக்கும். இந்தக் கடிதங்களால் உன் புதுத் தொழிலுக்குச் சிக்கல் வரலாம். பழைய கோப்பை யாராவது திறக்கலாம். உன்னைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால், கொஞ்ச நாள் பொறும்மா என்று சொல்லியிருப்பாய். எனக்கும் அதைக் கேட்கத்தான் ஆசையாக இருந்திருக்கும்.

விற்காதே என்று நான் சொல்லவில்லை. நல்ல தொழில்தான். அந்த ஊர்ச் சட்டத்தைக் குற்றம் சொல்கிறவர்களோடு சேர்ந்து நீயும் பேசாதே. ஒரு எட்டு வயதுப் பிள்ளை முகம் தெரியாத ஒருத்தியை நம்பி வாயில் வைக்கிறது, அதற்காகத்தான் அத்தனை கட்டமும் கையெழுத்தும். வாங்குகிற ஒவ்வொரு டப்பாவையும் திருப்பிப் படி. உன்னிடம் வேலை செய்கிறவர்கள் ஏதோ சரியில்லை என்று சொன்னால் அடுப்பை அணைத்துவிட்டுக் கேள். ஆர்டர் போனால் போகட்டும். தப்பு வந்தால், காரணம் என்கிற கட்டத்தில் உன் பெயரை எழுது. அந்த லேபிளில் என் படத்தைப் போடாதே. எனக்குச் சங்கடமாக இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த முறுக்கை நான் மட்டும் சுடவில்லை.

எனக்கு அறுபது ஆகப்போகிறது. களைப்பாக இருக்கிறது. இதை எழுதினால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் குறையவில்லை. எழுத வேண்டியதை எழுதிவிட்டேன் என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

தை மாதம் வருவதாக எழுதியிருக்கிறாய். சென்னையில் இறங்கி, செஞ்சி வழியாக வருகிற பஸ்ஸில்தான் நீ எப்போதும் வருவாய். அது கீழ்பென்னாத்தூரைத் தாண்டித்தான் திருவண்ணாமலைக்கு வரும். மூன்று மணிவரை அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். அதற்கப்புறம் வீட்டில். பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். அங்கே இறங்கு. நான் கூட வரமாட்டேன், என் சார்பில் எதுவும் சொல்லவும் வேண்டாம். நீ சொல்ல வேண்டியது உனக்கு இருக்கிறது. அவள் பேசினால் கேட்டுக்கொள். பேசாவிட்டால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திரு. பிறகு, வர மனமிருந்தால், அடுத்த பஸ் பிடித்து வீட்டுக்கு வா.

அம்மா